காசின் நடுவே ஒரு நிழல்

காசு எதுவானாலும், கைக்கு வந்ததும் இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் பார்ப்பார். என் வீட்டுக்காரர் மாசாணத்துக்கு இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. நான் அவரை முதன்முதலில் பார்த்தபோதே இருந்தது. கடையில் சில்லறை வாங்கினாலும், கோயில் தட்டில் போட எடுத்தாலும், காசை மூக்குக்கு நேரே கொண்டுவந்து, இடக்கண்ணை இறுக்கி மூடி, ஆண்டு போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விடுவார். அந்த இடத்தில் சின்னதாக ஒரு புள்ளியோ நட்சத்திரமோ வைரம் மாதிரி ஒரு கட்டமோ இருக்கும். எந்த ஊர் ஆலையில் அடித்த காசு என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா.

அந்த வலக்கண்ணுக்கு இப்போது நடுவில் பார்வை இல்லை. அது போனது பற்றித்தான் எழுதுகிறேன். அது போய்க்கொண்டிருந்த மாதங்களில் நாங்கள் இரண்டு பேரும் விளக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தோம்.

அவர் தாராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கூலி கொடுப்பவர் காசைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி நிற்க வேண்டும், மேலேயிருந்து போடுவார். ஒன்றிரண்டு தவறி மண்ணில் விழும். அதைப் பொறுக்கி எடுப்பது சிறுவயதில் இவர் வேலை. “கீழ உழுந்ததெத் தேடறப்பத்தான் நான் காசெ நல்லாப் பாத்தேன். மேல இருந்து போட்டவன் ஒருநாளாச்சும் பாத்திருப்பானா?” என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். சாப்பிட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொல்வார்.

பள்ளிக்கூடத்தை முடித்து, வேலைவாய்ப்பு ஆபீசில் பதிவு செய்து வைத்திருந்து, அரசாங்க பஸ்ஸில் கண்டக்டர் ஆனார். சிங்காநல்லூரிலிருந்து பல்லடம் போகும் தடம். நான் ஏழாவதோடு நின்று, சூலூர் தாண்டி ஒரு நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். யாராவது பெயர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன். அப்படிப்பட்டவள் ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது, சில்லறை நீட்டினால் கண்டக்டர் ஒரு கண்ணை மூடுகிறார்.

பக்கத்தில் இருந்த என் சிநேகிதி செவ்வந்தி இடுப்பில் இடித்தாள். “ஏ பொற்கொடி, உன்னெப் பாத்துக் கண்ணடிக்கறாருடி.”

நான் மில்லுக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி வெயிலில் நடந்து போனேன். அடுத்த நாள் அதே பஸ்ஸில் பல்லடத்துப் பூக்காரம்மா ஒருத்தி ஏறினாள். அவள் கொடுத்த காசுக்கும் இவர் அதே மாதிரி கண்ணை மூடினார். அவள் விடவில்லை.

“ஏனுங் கண்டக்டரே, பேரம்பேத்தி எடுத்தவளெப் பாத்துக் கண்ணடிக்கறீங்களே, ஊட்டுல சொல்லிப்போட்டு வந்தீங்களா?”

“உன்னெ இல்லீங்காத்தா. காசெப் பாத்தேன்.”

“காசெப் பாத்துக் கண்ணடிக்கற ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்கறேன். அந்தக் காசையே கட்டிக்கோ சாமி.”

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் முந்தானைக்குள் சிரித்தேன். அடுத்த வருசம் என்னைத்தான் கட்டினார்.

வசூல் பையில் வித்தியாசமாக ஏதாவது வந்தால், அதே மதிப்புக்குத் தன் காசைப் பையில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். தாமரை போட்ட இருபது பைசா, ஓரம் வளைவு வளைவாக இருக்கும் பத்துப் பைசா, யாரோ சாமி படத்துக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய செம்புக் காலணா. பிளாஸ்டிக் உறை வைத்த ஆல்பங்களில் வரிசையாகப் போட்டு பீரோவில் வைத்தார். மற்றவர்கள் நிலம் வாங்கினார்கள், பஸ் விட்டார்கள். இவருக்கு இது. நான் ஒன்றும் சொன்னதில்லை. குடிக்காத மனுசன்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். காசைக் கழுவக்கூடாது. ஒரு ஆயுத பூசைக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து அந்தக் காலணாவையும் புளி போட்டுத் தேய்க்க எடுத்தேன். பாய்ந்து வந்து பிடுங்கினார். “அது அழுக்கில்ல அம்மணி, அதோட வயசு. அதெத் தேச்சுப்போட்டா அப்புறம் அது காசில்ல, தகரம்.”

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் மகன் அருள்குமார் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தான். அவன் பெருந்துறையில் ஒரு துணிக் கம்பெனியில் வேலையாக இருக்கிறான். காசு சேர்க்கிறவர்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள், அதில் அப்பாவைச் சேர்த்துவிட்டான். அதற்குப் படம் எடுக்க வேண்டும். கேமராவும் ஸ்டாண்டும் வாங்க வேண்டாம், வீட்டில் இருப்பதே போதும் என்று இவர் ஒரு ஏற்பாடு செய்தார்.

எங்கள் சமையல்கட்டில் வடக்குப் பார்த்த சன்னல் இருக்கிறது. அதன் அடியில் இருக்கும் மேடைதான் இடம். என் பருப்பு டப்பாவையும் மிளகாய் டப்பாவையும் ஒரே உயரமாகப் பார்த்து நிறுத்தி, மேலே பழைய ஷோகேஸ் கண்ணாடி ஒன்றைப் பாலம் மாதிரி வைப்பார். கண்ணாடியின்மேல் போன் குப்புறப் படுத்திருக்கும். கீழே வெள்ளைத் தாள், அதில் அழிரப்பர் ஒன்று, அதன்மேல் காசு. காசு தாளைத் தொடாமல் கொஞ்சம் உயரத்தில் நின்றால் பின்னால் ஒன்றும் தெரியாது, காசு மட்டும் மிதக்கிற மாதிரி வரும். ஒரு பக்கம் மேசை விளக்கு, அதன் முன்னால் பழைய வேட்டித் துண்டு. வெளிச்சம் நேராக விழுந்தால் காசு கூசும், துணி வழியாகச் சாய்ந்து விழுந்தால் எழுத்தெல்லாம் எழும்பி நிற்கும். விரல் பட்டால் போன் ஆடும் என்று தானாகவே எடுக்கும்படி வைத்துவிட்டு, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

“ஏனுங்க, பருப்புப் போடோணும். டப்பா வேணுமுங்க.”

“செத்த இரு அம்மணி, ராஜா படுத்திருக்கறாரு.” காசில் கிரீடம் வைத்த ராஜா.

“அப்ப ராஜாவுக்கும் இன்னைக்கு ரசஞ்சோறுதானுங்க.”

படம் வந்ததும் போனை எடுத்து, காசைப் பார்ப்பது போலவே இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். திருப்தியானால் குழுவில் போடுவார். தாராபுரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் திருமலைசாமி என்பவர் உடனே பேசி அனுப்புவார். “மாசாணம், எப்படீங்க எடுக்கறீங்க? எங்காசெல்லாம் கருப்பட்டியாட்ட வருது, உங்குளுது நகைக்கடை வெளம்பரமாட்ட வருது!” அந்தக் குரலை இவர் மறுபடி மறுபடி போட்டுக் கேட்பார். நான் அரிசி களைந்துகொண்டே பார்ப்பேன். கண்டக்டராக இருந்த வருசங்களில் யாரும் அவரை இவ்வளவு பாராட்டிப் பேசிக் கேட்டதில்லை.

போன வருசம் கார்த்திகையில்தான் ஆரம்பித்தது.

“காசு கோணலா வருது, பாரு” என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். வட்டமாகத்தான் இருந்தது.

“ரவுண்டாத்தானுங்க இருக்குது.”

“இந்த ஓரம் உள்ள போயிருக்குது பாரு. கண்ணாடி மட்டமா இல்ல.”

எதிர்வீட்டுக் கொத்தனாரிடம் போய் ரசமட்டம் வாங்கிவந்து கண்ணாடியின்மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. பருப்பு டப்பாவுக்கு அடியில் காகிதம் மடித்து வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கொத்தனார் வந்து எட்டிப் பார்த்து, “ஏனுங்ணா, டப்பா மேல மாடி கட்டறீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பொங்கலுக்கு முன்னால் கோணலோடு நிழலும் சேர்ந்துகொண்டது. காசின் நடுவில் சாம்பல் நிறமாக ஒரு நிழல் விழுகிறது என்றார். அது போனின் நிழல்தான் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. மேலே போன் இருந்தால் கீழே அதன் நிழல் விழத்தானே செய்யும்? குழுவில் புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கு இவரே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதனால் விளக்கை இடப்பக்கம் வைத்தோம். வலப்பக்கம் வைத்தோம். இன்னொரு விளக்கு வாங்கி இரண்டு பக்கமும் வைத்தோம். இரண்டு டப்பாவுக்கும் பதிலாக உயரமான அரிசி டப்பாவும் மாவு டப்பாவும் வந்தன. இன்னொரு கண்ணாடித் துண்டைச் சாய்த்துப் பிடித்து, அதில் பட்டு வெளிச்சம் மேலேயிருந்து நேராக விழும்படி செய்தோம். சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கை நடுங்கும்.

“இப்பவும் இருக்குது” என்பார்.

“எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. தெளிவா இருக்குதுங்க.”

“உனக்கு எல்லாமே தெளிவாத்தான் இருக்கும். உன்ற கண்ணு அரிசில கல்லுப் பொறுக்கற கண்ணு. இது வேற.”

வேறாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். காசைப் பற்றி அவருக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேப்பர் நன்றாகப் படித்தார். வண்டி ஓட்டினார். தூரத்தில் வரும் பஸ்ஸின் பலகையைப் படித்து, இது நம்ம தடம் இல்லை என்றார். கண்ணைப் பற்றி நினைக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. எல்லாவற்றையும் அவர் இரண்டு கண்ணாலும் பார்த்தார், காசையும் காசின் படத்தையும் மட்டும்தான் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். இது எனக்கு ஒவ்வொரு நாளும் கண்முன் நடந்தது. இந்தப் பழக்கத்தையும் அந்த நிழலையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பொங்கலுக்கு மகன் வந்தான். படங்களைப் பார்த்தான். “எதுக்குங்ப்பா இத்தனை பாடு? சூப்பராத்தானுங்க இருக்குது.”

“நடுவுல பாருடா.”

“நடுவுல என்னங்ப்பா? ராஜா மூக்கு இருக்குது.”

பேரப்பிள்ளையைச் சமாதானம் செய்வது போல எல்லோரும் தன்னிடம் பேசுகிறார்கள் என்று அவருக்கு வருத்தம். திருமலைசாமியிடமும் கேட்டுப் பார்த்தார். அவர், “நெழலா? எங்கீங்க? நல்லா இருக்கற படத்துல நீங்களே குத்தஞ் சொன்னா, நாங்கெல்லாம் போனெத் தூக்கிக் கெணத்துல போடோணுமுங்க” என்று பேசி அனுப்பினார். அந்தக் குரலை இவர் இரண்டாம் முறை போடவில்லை.

பங்குனியில் மகன் தன் பழைய போனைக் கொடுத்து அனுப்பினான், அப்பா போனின் லென்ஸில் கீறல் இருக்கும் என்று. அதிலும் நிழல் இருந்தது. அதே இடத்தில்.

“ரெண்டு போனுலயும் ஒரே எடத்துல உழுகுது” என்றார். நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். ஒரே ஒரு காசில்தான் நிழல் இல்லையாம், நடுவில் ஓட்டை போட்ட காலணா. அதை மட்டும் எடுத்து எடுத்துப் பார்த்தார். “இதுல பாரு, எவ்வளவு சுத்தமா வருது!” நடுவில் ஓட்டையாக இருக்கிற காசில் நடுவில் என்ன தெரியும்? எனக்கு அது சிரிப்பாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அந்த ஓட்டைக் காலணாவை வைத்துத்தான் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். போனில் குறை இல்லை, விளக்கில் குறை இல்லை, அப்படியானால் குறை காசில் இருக்கிறது. இத்தனை வருசம் எத்தனை பேர் கை வியர்வையும் எண்ணெயும் பட்ட காசு. விரல் அழுத்துவது நடுவில்தானே. அங்கேதான் பிசுக்கு ஏறியிருக்கும். அதுதான் வெளிச்சத்தைக் குடிக்கிறது.

“பொற்கொடி, புளி கரைச்சு வை.”

எனக்கு முதலில் புரியவில்லை. ஆல்பத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவி ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்தார். எல்லாம் செம்பும் பித்தளையும். அதில் அந்தப் பழைய காலணாவும் இருந்தது.

“கழுவக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க.”

“நாந்தான் சொன்னேன். நாந்தான் இப்பச் சொல்றேன். கழுவு.”

“ஒண்ணு மட்டும் கழுவிப் பாக்கலாமுங்களா?”

“கழுவுன்னா கழுவு அம்மணி. எனக்கு இதுக்கு மேல ரோசிக்க முடியாது.”

கடைசியில் சொன்னதை அவர் ரொம்ப மெதுவாகச் சொன்னார். நான் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கருப்பு எல்லாம் கழன்று தண்ணீரோடு போனது. செம்புக் காசுகள் புது இளஞ்சிவப்பாக, நேற்று அடித்தது போல, கிண்ணத்தில் பளபளத்தன. அவர் ஒன்றைத் துடைத்து அழிரப்பரின்மேல் வைத்தார். படம் எடுத்தார். இடக்கண்ணை மூடிப் பார்த்தார். போனை மேடைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். ராஜாவின் காது மடல்கூடத் தெரிந்தது.

ஏதோ பிடிவாதத்தில் அதைக் குழுவிலும் போட்டார். அன்றைக்குத் திருமலைசாமி பேசி அனுப்பவில்லை, நேராகவே கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“மாசாணம், தப்பா நெனச்சுக்காதீங்க. காசெக் கழுவிப்போட்டீங்களா?”

“ஆமாங்க.”

“நீங்களா?”

“நாந்தானுங்க.”

“செரீங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இவர் குழுவில் படம் போடவில்லை. ஆனால் எடுப்பதை நிறுத்தவில்லை. தினமும் சன்னல் ஓரம், தினமும் டப்பா, தினமும் அதே நிழல். அது பெரிதாகிறது என்று வேறு சொன்னார். முதலில் மிளகு அளவு இருந்ததாம், இப்போது ராஜாவின் முகமே போய்விட்டதாம். முகத்தைச் சுற்றி எழுத்து மட்டும் நிற்கிறதாம்.

ஆடி மாதம் சூலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஆசிப்பிடம் போனோம். போனில் பார்த்தால் ஏமாற்றுகிறது, பெரிய தாளில் போட்டுக் கண்ணாரக் காட்டினால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று இவர் நினைத்தார். ஆசிப் எங்கள் மகன் வயசுக்காரர். கல்யாணப் படம் எடுக்கிறவர். போனில் இருந்த செம்புக் காலணாவின் படத்தை ஒரு தட்டு அளவுக்குப் பெரிதாக அச்சுப் போட்டுக் கொடுத்தார்.

இவர் அதைக் கையில் வாங்கி, கண்ணை மூடிப் பார்த்து, “இந்தா, இதுதான்” என்று நடுவில் விரலை வைத்தார். “இதெ எப்படி எடுக்கறதுன்னு சொல்லுங்க.”

ஆசிப் குனிந்து பார்த்தார். விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தார். “மாமா, வெளையாடறீங்களா? பளிச்சுனு இருக்குதுங்க.”

“நீங்களுமா?”

“சத்தியமாங்க. நான் எடுத்திருந்தாக்கூட இப்படி வந்திருக்காது.”

இவர் தாளைச் சுருட்ட ஆரம்பித்தார். இனி யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியிடத்தில் நான் வாய் திறப்பதில்லை. அன்றைக்கு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னேன்.

“அவரு காசெப் பாக்கறப்ப எடக்கண்ணெ மூடிக்குவாருங்க. எப்பவும்.”

ஆசிப் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். மேசையிலிருந்து ஒன்றும் அச்சாகாத வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

“மாமா, அதே மாதிரி கண்ணெ மூடிட்டு இதெப் பாருங்க. இதுல நெழல் இருக்குதுங்களா?”

இவர் பார்த்தார். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கிட்டக் கொண்டுவந்தார். இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி.

“இருக்குது” என்றார்.

இவர் மெதுவாகத் தலையைத் தூக்கி, அதே ஒற்றைக் கண்ணால் என் முகத்தைப் பார்த்தார். எதைத் தேடினாரோ அது கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பிறகு இடக்கண்ணைத் திறந்தார்.

“போனுக்கெல்லாம் ஒண்ணுமில்லையாட்டிருக்குது” என்றார். சிரிக்கப் பார்த்தார்.

ஆசிப் அச்சுக்குக் காசு வாங்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு அவர் காரிலேயே எங்களைக் கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே சொட்டு மருந்து விட்டார்கள், உட்கார வைத்தார்கள், இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள், மறுபடி உட்கார வைத்தார்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டை ஒன்றைக் காட்டி, கோடு நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா என்று கேட்டார்கள். வலக்கண்ணால் பார்த்தபோது கோடே இல்லை என்றார். டாக்டர் ஒரு இளம்பெண். நல்ல பொறுமை.

“எப்போ இருந்து இப்படி இருக்கு?”

“கார்த்திகைல கோணலாத் தெரிஞ்சுதுங்க. காசுதான் கோணலா இருக்குதுன்னு ரசமட்டம் வெச்சுப் பாத்தேனுங்க.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “அப்பவே வந்திருக்கணும்” என்றார். திட்டுவது போல இல்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. கண்ணுக்குள் பின்பக்கம் நடுவில் நீர் கசிந்து, ரத்தம் கட்டி, இப்போது தழும்பாகிவிட்டது என்றார். வயசினால் சிலருக்கு வருவது. கோணலாகத் தெரிவதுதான் முதல் அடையாளம், அப்போது ஊசி போட்டிருந்தால் பெரும்பாலும் நிறுத்தியிருக்கலாம். வலக்கண்ணில் போன நடுப்பார்வை திரும்பாது. ஓரப்பார்வை இருக்கும். இடக்கண்ணிலும் கசிவு தொடங்கியிருக்கிறது, அதைக் காப்பாற்றத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

இவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்.

“ஏனுங்க டாக்டரம்மா, வெளிச்சத்தெ வேற பக்கமா வெச்சுப் பாத்தாத் தெரியுமுங்களா?”

“இல்லைங்க ஐயா” என்றார் டாக்டர்.

ஆசிப் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

ஊசி கண்ணுக்குள்ளேயே போடுவது. மரத்துப்போக மருந்து விடுகிறார்கள், வலி பெரிதாக இல்லை என்று அவர் சொல்கிறார். ஆனால் முந்தைய நாளிலிருந்தே சாப்பிடமாட்டார். வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். உள்ளே அவருக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் செய்ய ஒன்றும் இல்லை. முதல் ஊசி முடிந்து வரும்போது கட்டுப் போட்ட இடக்கண்ணும் நடுவில் இருட்டான வலக்கண்ணுமாக, என் குரல் வந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் கூட்டத்துக்குள் நடந்த மனுசன்.

திருமலைசாமிக்கு மகன் போன் செய்து சொன்னான். அவர் தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். ஒரு கூடை கொய்யா. இவரை அதுவரை நேரில் பார்த்ததில்லை. உட்கார்ந்து எதையெதையோ பேசினார், மழை இல்லை என்றார், தேங்காய் விலை என்றார். போகும்போது, “அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க” என்றார். “நீங்க கேட்டது நாயந்தானுங்க. கழுவுனது நாந்தானே” என்றார் இவர்.

ஒருநாள் நானே டப்பாக்களை வைத்து, இவர் செய்வது போலவே துணி கட்டி விளக்கு வைத்து, ஒரு படம் எடுத்துக் காட்டினேன். நல்லாயிருக்குது என்றார். தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்ததா, எனக்காகச் சொன்னாரா என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. பிறகு, “வேண்டாம் அம்மணி, டப்பாவெ எடுத்து வெச்சுரு” என்றார். எடுத்து வைத்துவிட்டேன்.

ஆல்பங்களில் பாதிக்குமேல் படம் எடுக்காமலேயே பீரோவில் இருக்கின்றன. கழுவிய காசுகள் திட்டுத் திட்டாகப் பச்சை பிடித்துக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று மகன் கேட்டான். இவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டியை விற்றுவிட்டோம். பேப்பர் வருவதை நிறுத்திவிட்டோம். இடக்கண்ணில் கசிவு நிற்கவில்லை, ஆனால் கூடவும் இல்லை என்று போன தடவை சொன்னார்கள். இன்னும் எத்தனை ஊசி என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். அடுத்தது ஐப்பசிக் கடைசியில்.